பொருத்தம் பார்க்கிறவள்

விடியலில் மாயேபூர் கரையிலிருந்து
எக்ரெத் தீவுக்குப் படகு.
மடியில் குளிர்ப்பெட்டி. அதற்குள்
பஞ்சுக்குச்சிகள், மாத்திரை அட்டை,
நேற்று வாங்கி மறந்த தால்பூரி ஒன்று.

பெண் புறா. கால் வளையம் பச்சை, வெள்ளை, பச்சை.
இளஞ்சிவப்புப் புறா என்று தபால்தலையில் போடுவார்கள்.
எனக்குத் தெரிந்த வரை அது
அலூதா சிந்தி, எத்தனை முறை துவைத்தும் போகாத
வெள்ளைச் சட்டையின் நிறம்.

அலகைத் திறந்தேன்.
தொண்டைக்குள் மஞ்சள்.
பட்டாணி அளவு, பாலாடைபோல் கட்டி.
இன்னும் சில நாள் பறக்கும்.
ஆனால் விழுங்காது.
தட்டு நிறையக் கோதுமை இருக்கப்
பட்டினியில் சாகும்.

கப்பலேறி வந்த புறாக்களோடு
வந்து சேர்ந்த கிருமி என்கிறார்கள்.
அவை சந்தைத் திடலில்
கொழுத்துத் திரிகின்றன.
இதை மட்டும் ஏன் இப்படி அறுக்கிறது என்றால்
ஆய்வகத்து ஷந்தால் குழாயிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வாள்:
தெரு முழுக்க ஒரே பூட்டு.
திருடனுக்கு ஒரு சாவி போதும்.

ஒருகாலத்தில் காட்டில் மிஞ்சியவை
இரண்டு கை விரலுக்குள் அடங்கின.
இன்று கிளை கிளையாய் உட்கார்ந்திருப்பவை எல்லாம்
அந்த விரல்களின் பேரப்பிள்ளைகள்.
யாரை யாருக்குக் கட்டினாலும்
உள்ளுக்குள்தான் கட்ட வேண்டும்.

அதனால் நான் பொருத்தம் பார்க்கிறேன்.
நட்சத்திரம் கேட்காத பொருத்தம்.
எவ்வளவு அந்நியமோ அவ்வளவு உத்தமம்.
சொந்தம் விட்டுப்போகக் கூடாதே என்று
எவரும் மூக்குச் சிந்தாத பதிவேடு.

எங்கள் வீட்டில், அம்மா அப்பாவுக்கு மாமன் மகள்.
முறைப்பெண் வாசலில் நிற்க
வெளியே போய்ப் பெண்ணெடுப்பதா என்று
ரோஸ்-பெல் கரும்புக் கொல்லையே கேட்டதாம்.
தம்பி நடராஜென் பிறந்தான்.
மூன்று வயதில்தான் தெரிந்தது,
கதவு அறைந்தாலும் அவன் திரும்புவதில்லை.
டாக்டர் எதையோ கேட்டார்.
அம்மா விதி என்றாள்.
அப்பா எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார்.
அதனால்தானா? தெரியாது.
ஒரு வீட்டை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது,
பறவைக்கென்றால் ஷந்தால் அப்படித்தான் சொல்வாள்.

சனிக்கிழமைகளில் அவனும் படகில் வருவான்.
அவன் கைக்குப் புறா அடங்கும் என்றெல்லாம் இல்லை.
அவனையும் கொத்தும்.

போன வருஷம் ஒரு மாப்பிள்ளை வந்தான்.
எப்போதோ கூண்டோடு ஐரோப்பாவுக்குப் போன கிளையின் வாரிசு.
இங்கே அற்றுப்போன ரத்தம்
அங்கே ஒரு மிருகக்காட்சிச் சாலையில்
பனிக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
விமானத்தில் வந்தவனுக்கு
எங்கள் காற்று தெரியவில்லை.
கட்டிய கூடு இரண்டு முறை கீழே.
பச்சை-வெள்ளை-பச்சைக்கு அவனைத்தான் எழுதினேன்.
பக்கத்தில் ஒரு வார்த்தை, பென்சிலில்: தூரம்.
மகிழ்ச்சியில் எழுதியது.

மூன்றாவது கூடு நின்றது.
ஒரு முட்டை வெறும் முட்டை.
மற்றது உடைந்து குஞ்சு.

இன்று தாயின் தொண்டையில் மஞ்சள்.
புறா தன் பிள்ளைக்குத்
தொண்டைக்குள்ளிருந்துதான் பால் தரும்.
நேற்று வரை தந்திருக்கிறது,
எதையெல்லாம் சேர்த்தோ.

மாத்திரையைத் தாய்க்குள் தள்ளி
நாக்குக்கு அப்பால் இறங்கும் வரை
கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன்.
அப்புறம் ஏணி.

அருவருப்பான குஞ்சு, சொல்லக் கூடாது.
பாதி முடி, பாதி தோல், தலையளவுக்கு அலகு.
யார் வந்தது என்று பார்க்கவில்லை.
பால் இருக்குமென்று
என் விரலிடுக்கில் அலகை நுழைத்துத்
தேடியது.
அப்படியே பிடித்துத் திறந்தேன்.

சிவப்பு. ஓரத்தில் ஏதோ வெளுப்பு.
எச்சிலா, வேறா.
இலைநிழல் விழுந்து விழுந்து விலகியது.

வெளிச்சம் வேண்டும் என்று
பழக்கத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
கீழே நடராஜென் மரத்தைப் பார்த்தபடி நின்றான்.
ஏணியைக் காலால் இரண்டு தட்டு தட்டினேன்.
அதிர்வு கையேறி
அவன் நிமிர்ந்து
டார்ச்சைத் திருப்பினான்.